அலுவலகக் கூட்ட அறை: பயன்பாட்டு வகைப்பாடு

அலுவலகக் கட்டடத்தில் உள்ள கூட்ட அறையைக் கட்டட விதிகளின்படி அலுவலகத்தோடு சேர்ப்பதா, மக்கள் கூடும் மன்றமாகக் கொள்வதா என்று முடிவு செய்வதே அதன் பயன்பாட்டு வகைப்பாடு. கதவின் அகலமும் படிக்கட்டும் தீயணைப்பு ஏற்பாடுகளும் இந்த முடிவைப் பொறுத்தே அமையும். கோவையில் மீட்டிங் ஹால், கான்பரன்ஸ் ஹால், போர்டு ரூம் எனப் பல பெயர்கள் வழங்கினாலும், வகையைத் தீர்மானிப்பது உள்ளே எத்தனை பேர் உட்காருவார்கள் என்ற எண்ணிக்கை.

இந்தியாவில் இதற்கான அடிப்படை நூல் தேசியக் கட்டட விதித்தொகுப்பு. முதலில் 1970-இல் வெளியாகி, 1983, 2005, 2016 ஆகிய ஆண்டுகளில் திருத்தப்பட்ட இதை இந்தியத் தர நிர்ணய அமைவனம் வெளியிடுகிறது. இதன் நான்காம் பகுதி, கட்டடங்களை ஏ முதல் ஜே வரை (ஐ நீங்கலாக) ஒன்பது பிரிவுகளாக வகுக்கிறது. அலுவலகங்களும் வங்கிகளும் ஈ பிரிவு. குறைந்தது 50 பேர் கூடும் இடங்கள் டி பிரிவு. முதன்மைப் பயன்பாட்டுக்குத் துணையாக நிகழும் சிறு பயன்பாட்டை முதன்மையோடு சேர்த்தே வகைப்படுத்த வேண்டும் என்பதும் அதில் உண்டு. பத்துப் பேர் மேசையைச் சுற்றி உட்காரும் அறை ஈ பிரிவிலேயே அடங்கிவிடுவது இதனால்தான்.

சிக்கல் பெரிய அறைகளில் தொடங்குகிறது. பத்து மீட்டர் நீளம், ஏழு மீட்டர் அகலம் உள்ள ஓர் அறையை எடுத்துக்கொள்வோம். பரப்பு 70 சதுர மீட்டர். கொத்தனார் கணக்கில் ஏறக்குறைய ஏழரைச் சதுரம். அலுவலகத்துக்கு ஆளுக்கு 10 சதுர மீட்டர் என்பது விதித்தொகுப்பின் அளவு. அப்படிப் பார்த்தால் இந்த அறைக்கு 7 பேர். மேசை நாற்காலி போட்டுச் சற்று இடம் விட்டு உட்காரும் கூட்டம் என்றால் ஆளுக்கு 1.4 சதுர மீட்டர். கணக்கு 50 பேராகிறது. மேசைகளை வெளியேற்றி நாற்காலிகளை நெருக்கி வரிசையாகப் போட்டால் ஆளுக்கு 0.65 சதுர மீட்டர், நூறைத் தாண்டிவிடுகிறது. சுவர் ஒன்றுகூட நகரவில்லை, ஆனால் ஏழு பேருக்கான அறை நூற்றுக்கு மேற்பட்டோருக்கான அறையாகிவிட்டது. வரைபடம் போடுபவர் மனத்தில் இருத்த வேண்டிய முதல் செய்தி இது.

அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்கள் பின்பற்றும் சர்வதேசக் கட்டட விதியும் ஏறத்தாழ இதே இடத்தில்தான் கோடு கிழிக்கிறது. 50 பேருக்குக் குறைவாகவோ 750 சதுர அடிக்குக் குறைவாகவோ உள்ள கூட்ட அறை அங்கே அலுவலக வகையில் சேரும். ஆளுக்கு 15 சதுர அடி என்ற கணக்கில் 750-ஐ வகுத்தாலும் கிடைப்பது 50.

வகை மாறினால் செலவும் மாறும். வெளியேறும் கதவு பொதுவாக 1000 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. மக்கள் கூடும் கட்டடங்களில் 2000. கட்டி முடித்த சுவரில் இரண்டு மீட்டர் வாசலைப் பிறகு திறப்பது எளிதல்ல. உத்தரமும் தூணும் குறுக்கே நிற்கும்.

விதித்தொகுப்பு தன்னளவில் பரிந்துரைதான். மாநில விதிகள் வழியாகவே அதற்குச் சட்ட வலு கிடைக்கிறது. தமிழ்நாட்டில் அந்த வேலையைச் செய்வது 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள். இரண்டின் அளவுகளும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை: உயரம் 18.30 மீட்டருக்கு மேற்பட்டதே இதன்படி உயர்மாடிக் கட்டடம். தேசியத் தொகுப்பில் அந்த எல்லை 15 மீட்டர்.

கொங்கு வட்டாரத்துக்கு இது வெறும் ஏட்டுப் பேச்சல்ல. தொழிலும் சங்கமும் ஒன்றோடொன்று பின்னி வளர்ந்த மண் இது. 1933-இல் தோன்றிய தென்னிந்தியப் பஞ்சாலைகள் சங்கம், 1969-இல் தோன்றிய சிறுதொழில் சங்கமான கொடிசியா, 1990-இல் தோன்றிய திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கம் என நீளும் மரபில், கூடிப் பேசாமல் இங்கே தொழில் நடப்பதில்லை. கொடிசியாவின் வர்த்தகக் கண்காட்சி வளாகம் போன்ற இடங்கள் கூட்டத்துக்கென்றே கட்டப்பட்டவை. அங்கே வகை பற்றிய குழப்பம் இல்லை. கவலைக்குரியது மூன்றாம் மாடியில் இருக்கும் சாதாரண அலுவலகம். மாதம் முழுதும் எட்டுப் பேர் உட்காரும் அதே அறையில் டீலர் மீட்டிங், புதியவர்களுக்கான பயிற்சி வகுப்பு, சீட்டு ஏலம் நடக்கும். ஆயுத பூஜையன்று ஊழியர்கள் குடும்பத்தோடு நிறைந்திருப்பார்கள், சூடமும் விளக்கும் எரியும். வகைப்பாடு பார்க்க வேண்டியது அந்த நாளைத்தான்.

குஜராத்தின் சூரத் நகரில் 2019 மே 24 அன்று ஒரு வணிக வளாகத்தின் மேல்தளத்தில் இயங்கிய பயிற்சி வகுப்பில் தீ பரவி 22 மாணவர்கள் இறந்தனர். இறங்கும் வழி அடைபட்டதால் பலர் மேலிருந்து குதித்தனர். அதற்குப் பதினைந்து ஆண்டுகள் முன்பு, 2004 ஜனவரி 23-இல், ஸ்ரீரங்கத்துத் திருமண மண்டபத் தீ ஐம்பதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. கூட்டத்துக்கு வழி எத்தனை என்பதே இரண்டு இடங்களிலும் உயிருக்கு விலையான கேள்வி.

மடக்குத் தடுப்புகள் அண்மைக்காலப் புதுச் சிக்கல். தலா 35 சதுர மீட்டர் உள்ள இரண்டு அறைகள் வரைபடத்தில் 25 பேருக்கானவையாகத் தெரியும். இரண்டும் ஈ பிரிவு. தடுப்பை மடக்கி ஒதுக்கிவிட்டால் 50 பேர் அமரும் ஒரே அறை. இத்தகைய இடங்களுக்குத் தடுப்பு திறந்த நிலையிலேயே கணக்கிட வேண்டும் என்பதே பொறுப்பான வடிவமைப்பாளரின் முறை. அந்த எண்ணை வரைபடத்திலும் அறைக் கதவருகிலும் எழுதிவைப்பது நல்லது.