சுவைத்தோர் தீர்ப்பும் தோட்டத்தின் உயர்வும்

பொருளை ஆக்குவோர் ஒரு திசையிலும் அதனை நுகர்வோர் மறுதிசையிலும் இருக்க, இருசாராரும் ஒருவரையொருவர் காணாமலே நடைபெறுவது பெருவாணிகம். நுகர்வோரின் விருப்பும் வெறுப்பும் ஆக்குவோரின் செவிக்கு எட்டும் வழி யாது? இவ்வினாவிற்கு ஊவாத் தேயிலையின் வரலாறு தெளிவான விடை தருகின்றது.

மடுல்சீமை மலைச்சாரலில் முதலிற் செழித்தது கோப்பி. 1869 ஆம் ஆண்டில் அங்குள்ள தோட்டமொன்றிலேயே கோப்பி இலையைப் பற்றும் துருநோய் இலங்கையில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. பேராதனைப் பூங்காவின் தலைவராயிருந்த துவெயிற்சு நோயுற்ற இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார்; பேர்க்கிலி என்னும் அறிஞர் அந்நோயை விளைக்கும் பூஞ்சணத்துக்குப் பெயரிட்டார். கோப்பி நல்ல விலைபெற்ற காலமாதலின் தோட்டக்காரர் பலர் இலை தந்த எச்சரிக்கையைப் பொருட்படுத்திலர். ஏறக்குறைய இருபது ஆண்டுகளில் அத்தொழில் வீழ்ந்தது. 1867 இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தொடங்கிய தேயிலைப் பயிரே பின்னர் அம்மலைகளை நிரப்பியது.

தேயிலை வாணிகம் கோப்பி வாணிகத்தினும் கூர்ந்த செவியுடையதாயிற்று. இலண்டனில் மின்சிங் ஒழுங்கைத் தரகர்களின் மதிப்பீடு கடல்கடந்து தோட்டத்தை அடையப் பலநாட் சென்றது. 1883 ஆம் ஆண்டு யூலை 30 ஆம் நாள் கொழும்பில் முதலாவது தேயிலை ஏலம் நடைபெற்றபின் அவ்விடைவெளி குறுகியது.

ஏலத்துக்குமுன் ஒவ்வொரு தொகுதியின் மாதிரியையும் தரகர் சோதிப்பர். காய்ந்த இலை, வெந்நீரில் ஊறிய இலை, சாயம் ஆகிய மூன்றும் தனித்தனியே ஆராயப்படும். அதன்பின் மதிப்பிட்ட விலையும் கண்ட குறைகளும் தோட்டத்துரைக்கு எழுதப்படும். குறை கூறும் சொற்கள் வரையறுத்த பொருளுடையன. சாயம் பச்சைவாடை வீசின் இலை புளிக்கவிட்ட நேரம் போதாது. மங்கிக் கிடப்பின் நேரம் மிஞ்சிற்று. தீய்ந்த மணம் உலர்த்தும் அடுப்பின் வெப்பத்தைச் சுட்டும். காம்பும் நாரும் மிகுதல் முற்றிய இலை பறித்தமையைக் காட்டும். எனவே விலை ஏன் இறங்கியது என்பதோடு, எவ்விடத்தில் திருத்துதல் வேண்டும் என்பதும் தெரியவரும். யூலை முதல் செத்தெம்பர் வரை வீசும் வறண்ட கச்சான் காற்றிலே ஊவாத் தேயிலை பெறும் தனிமணத்தை வாங்குவோர் விரும்பி உயர்ந்த விலை கொடுத்தனர். அதனை உணர்ந்த தொழிற்சாலைகள் அப்பருவத்துக்கேற்ப வாட்டும் முறையையும் புளிக்கவிடும் நேரத்தையும் அமைத்துக்கொண்டன.

ஆயினும் இத்தீர்ப்பு எவரிடம் சென்றது, எவரிடம் செல்லவில்லை என்பதையும் வரலாற்று மாணவர் நோக்குதல் வேண்டும். கடிதம் ஆங்கிலத்தில் வந்தது. துரையின் மேசையிலே தங்கியது. அதில் இருந்த ஒரு சொல் கணக்கப்பிள்ளை வாயிலாகவும் கங்காணி வாயிலாகவும் மலையில் இறங்கும்போது ஏச்சாக மாறியது. இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளிய பெண்ணுக்கு அதன் காரணம் விளக்கப்படுவது அரிது. புகழ்மொழி வந்தபோதோ அவளிடம் எதுவும் வந்து சேரவில்லை. உயர்ந்த தேயிலை கப்பலேற, அவள் வீட்டுக்குக் கிடைத்தது பெரும்பாலும் தரங்குறைந்த தூளே. கொழுந்தின் நிலையை முதலில் அறியும் அவளது கருத்தைக் கேட்டெழுத எவரும் ஏடு வைத்திலர்.

வாங்குவோர் வாய்ச்சொல்லைச் செவிமடுத்தமையால் ஊவாத் தேயிலை உலகப் புகழ் எய்தியது. அச்செவி மலைப்பக்கமும் திரும்பியிருப்பின் அப்புகழிற் பறித்த கைகளுக்கும் பங்கு கிடைத்திருக்கும். இலை கூறியதைக் கேளாமையால் நேர்ந்த கேட்டினை மடுல்சீமை 1869 இலேயே கண்டது; இலையைப் பறிப்போர் கூறுவதைக் கேளாமையும் அதனிற் குறைந்த கேடன்று.