கெப்ளரின் பீப்பாயும் மைனஸ் நீளமும்

1613-ல் வானியல் அறிஞர் ஜோஹன்னஸ் கெப்ளர் ஆஸ்திரியாவில் இரண்டாம் திருமணம் செய்துகொண்டார். புதுக்குடித்தனத்துக்கு ஒயின் பீப்பாய்கள் வந்து இறங்கின. விற்பவர் கையில் ஒரே ஒரு அளவுகோல். படுத்திருந்த பீப்பாயின் நடுத்துளை வழியே அதைச் சாய்வாக விட்டார். பக்கத்தட்டின் அடி ஓரத்தில் முட்டியது. அந்த நீளத்தை வைத்தே விலை சொல்லிவிட்டார்!

கெப்ளருக்கு உறுத்தியது. ஒல்லியான நீளப் பீப்பாய், குட்டையான அகலப் பீப்பாய் இரண்டிலும் கோல் ஒரே அளவைக் காட்டலாமே? உள்ளே இருக்கும் ஒயினும் ஒன்றாகிவிடுமா? இந்தச் சந்தேகம் வளர்ந்து 1615-ல் ஒரு புத்தகமே ஆனது.

இன்றைய முறையில் போட்டுப் பார்க்கலாம். பீப்பாயை உருளை என்று கொள்வோம். கோல் 100 செ.மீ. பாதி நீளம், விட்டம், கோல் மூன்றும் செங்கோண முக்கோணம். எனவே

கொள்ளளவு = (பை/4) × நீளம் × (10000 − நீளம்²/4)

வகைக்கெழுவைப் பூஜ்யமாக்கினால் நீளம் 115.47 அல்லது மைனஸ் 115.47. இரண்டாவதை எல்லோரும் அடித்துவிடுவார்கள். அதோடு விஷயம் முடியவில்லை. அதே சமன்பாட்டில் மைனஸ் 300 என்று போட்டால் 2945 லிட்டர் வரும், 115.47-க்குக் கிடைப்பதோ சுமார் 605 லிட்டர்தான். மைனஸ் பக்கம் போகப்போகக் கொள்ளளவு ஏறிக்கொண்டே இருக்கும். அதாவது, வெறும் சமன்பாட்டுக்குப் பெரும மதிப்பே கிடையாது! நீளம் 0-க்கும் 200-க்கும் நடுவில் என்று சொன்ன பிறகுதான் 115.47 விடையாகிறது. நீளம் 0 என்றால் பீப்பாய் வெறும் தட்டு, 200 என்றால் விட்டமே இல்லாத கோடு. இந்த இடைவெளிதான் சார்பகம். (உற்பத்தி அளவை மைனஸில் வைத்து லாபம் காட்டும் காமர்ஸ் மாணவர்களுக்கும் இது பொருந்தும்.)

கெப்ளருக்கு இந்தத் தலைவலி இல்லை. லைப்னிட்ஸின் வகைநுண்கணிதக் கட்டுரை வந்ததே 1684-ல். கெப்ளர் கையில் இருந்தவை வடிவியலும் அட்டவணைகளும். அளவுகளைப் படிப்படியாக மாற்றி ஒவ்வொன்றுக்கும் கொள்ளளவு கணக்கிட்டார். அந்த அட்டவணையில் இருக்க முடியாத பீப்பாய்க்கு வரிசையே கிடையாது. சார்பகம் பொருளுக்குள்ளேயே இருந்தது. பிறகு வகைநுண்கணிதம் வந்து வேலையைச் சுலபமாக்கியது. ஆனால் சமன்பாட்டுக்குப் பீப்பாய் என்றால் என்னவென்று தெரியாது. அதைச் சொல்லும் பொறுப்பு கணக்குப் போடுபவர் தலையில் விழுந்தது. பாடப்புத்தகங்களில் இந்த வரி ஓரத்தில் ஒதுங்கிக் கிடப்பது வருத்தம்தான்.

சரி, ஒயின்காரர் ஏமாற்றினாரா? இல்லை. கொள்ளளவு உச்சத்தில் இருக்க, நீளம் விட்டத்தைப் போல 1.414 மடங்கு இருக்க வேண்டும். ஆஸ்திரியத் தச்சர்கள் தட்டின் ஆரத்தைப் பலகை நீளத்தில் மூன்றில் ஒன்றாக வைத்தார்கள், அதாவது 1.5 மடங்கு. 100 செ.மீ. கோலுக்கு விட்டம் 80, நீளம் 120, கொள்ளளவு 603 லிட்டர். உச்சத்தைவிட ஒன்றரை லிட்டர்தான் குறைவு. உச்சத்துக்கு அருகில் அளவு கொஞ்சம் பிசகினாலும் கொள்ளளவு ஏறக்குறைய மாறுவதில்லை என்பதைக் கெப்ளர் அப்போதே எழுதிவைத்தார்.