பார்களை விட்டுப் போன முத்து

மன்னார் வளைகுடாக் கரையிலுள்ள முத்தையாபுரத்துக்காரன் நான். எங்கள் கடலடிப் பாறைத் திட்டுகளுக்குப் ‘பார்’ என்று பெயர். தொலாயிரம் பார் போன்றவற்றில் முத்துச்சிப்பிகள் கூட்டமாக ஒட்டி வளர்ந்தன. கொற்கை துறைமுகமாக இருந்த பழங்காலத்திலேயே அவற்றின் முத்து ரோமாபுரிவரை போனது.

அந்தச் சிப்பிக் கூட்டம் ஒருநாளும் நிலையாக இருந்ததில்லை. நீரோட்டம் குஞ்சுகளை அடித்துப்போகும், மணல் மூடும், திருக்கையும் கிளாத்தியும் தின்னும். சில ஆண்டுகள் பார் வெறுமையாகும், பிறகு நிறையும். 1961-இல் நடந்த முத்துக்குளிப்புக்குப் பின் அந்த நிறைவு திரும்பவில்லை.

சுண்ணாம்புக்காகப் பவளப்பாறைகளையும் வெட்டினோம். அதனால் விலாங்குசல்லித் தீவே மூழ்கிவிட்டது. மிஞ்சியதைக் காக்க 1986-இல் மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது.

சிப்பியினம் இன்னும் அழியவில்லை. மிஞ்சிய பார்களைக் காப்பது இந்தக் கரையில் பிழைக்கும் நம் எல்லோருடைய கடமை.