நிழலும் முள்ளும்

பிள்ளைகளுக்கு மணி பார்க்கக் கற்றுக்கொடுக்க விரும்பும் பெற்றோர் பலர் கையாளும் எளிய வழி ஒன்றுண்டு. தடித்த அட்டையின்மீது சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்து வட்டம் வரைந்து வெட்டியெடுப்பர். அதே அளவில் ஒரு தாள் வட்டத்தை நான்காக மடித்து, ஒவ்வொரு காற்பகுதியையும் மும்மூன்றாகப் பகுத்து, அந்த மடிப்புகளைக் கொண்டு அட்டையில் ஒன்று முதல் பன்னிரண்டு வரை எண்களை இடுவர். பழைய கல்யாணப் பத்திரிகையிலிருந்து நெட்டையும் குட்டையுமாக இரண்டு முட்களைக் கத்தரித்து, நடுவில் துளையிட்டு, சட்டைப் பொத்தானும் நூலும் கொண்டு பிணைத்துவிட்டால் கடிகாரம் ஆயிற்று. "சின்ன முள் ஒன்றைச் சற்றே தாண்டியிருக்கிறது, பெரிய முள் மூன்றில் நிற்கிறது, மணி என்ன?" என்று வாப்பா கேட்க, "ஒன்றேகால்! லுஹர் ஜமாஅத்து!" என்று பிள்ளை கூவும்.

நல்ல பாடந்தான். ஆயினும் இதில் ஒரு குறை உண்டு. விரலால் தள்ளினால் இந்த அட்டைக் கடிகாரத்தில் நள்ளிரவும் நண்பகலாகிவிடும். பிள்ளை முகப்பைப் படிக்கக் கற்கிறதேயன்றிப் பொழுதை அறியக் கற்பதில்லை. லுஹருடைய தொடக்க நேரம் மாதத்துக்கு மாதம் ஏன் மாறுகிறது என்று அதே பிள்ளை ஒருநாள் கேட்குமானால், பள்ளிவாசல் சுவரில் தொங்கும் கால அட்டவணையைச் சுட்டிக்காட்டுவதன்றி நம்மில் எத்தனை பேர் விடை கூறவல்லோம்? இப்பொழுதோ அந்த அட்டவணையும் கைப்பேசிக்குள் புகுந்துகொண்டது. நேரம் வந்ததும் அதுவே பாங்கு சொல்கிறது. வானத்தை அண்ணாந்து பார்க்கவேண்டிய தேவையே இல்லாது போயிற்று. நம் சமுதாயத்தில் நேரம் எவ்வாறு கற்பிக்கப்பட்டது என்ற வரலாற்றைச் சிறிது புரட்டிப் பார்த்தால், நாம் இழந்துவருவது யாதென்பது விளங்கும்.

அந்த வரலாற்றின் முதல் ஏடு மதீனாவில் திறக்கிறது. தொழுகை நேரங்களைப் பற்றி ஒருவர் வந்து வினவியபொழுது, பெருமானார் (ஸல்) அவர்கள் அவருக்குப் பட்டியல் எதனையும் ஒப்புவிக்கவில்லை; இரண்டு நாட்கள் தம்முடன் தங்கித் தொழுமாறு பணித்தார்கள். முதல் நாள் ஒவ்வொரு தொழுகையும் அதன் தொடக்க வேளையில் நடந்தது. மறுநாள் அவையே பிந்திய வேளையில் நடந்தன. பிறகு வினவியவரை அழைத்து, அவர் கண்ணாரக் கண்ட அவ்விரு எல்லைகளுக்கும் இடைப்பட்டதே நேரம் என்று விளக்கினார்கள். புரைதா (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி முஸ்லிம் நூலில் உள்ளது. ஜிப்ரீல் (அலை) அவர்கள் இரு நாட்கள் வந்து தொழுகை நடத்திக் காட்டியதாக அபூதாவூத், திர்மிதீ நூல்களில் வரும் அறிவிப்பும் இதே முறையில் அமைந்ததே. அங்கே முதல் நாள் லுஹரின் நிழல் செருப்பு வார் அளவே இருந்ததாகக் கூறப்படுகிறது. கையால் தொட்டுக் காட்டத்தக்க அளவு! கற்றவர், கல்லாதவர், சிறுவர் எவர்க்கும் விளங்கும் அளவு.

சூரியன் உச்சி சாய்ந்தால் லுஹர். உச்சிவேளையில் எஞ்சியிருந்த நிழலைக் கழித்து, ஒரு பொருளின் நிழல் அப்பொருளின் உயரத்துக்குச் சமமாகும்பொழுது ஷாஃபிஈகளுக்கு அஸர் புகும். இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் புகழ்பெற்ற கருத்துப்படி இருமடங்காக வேண்டும். கடற்கரை ஊர்களில் பெரும்பாலும் ஷாஃபிஈகளும் உள்நாட்டு ஊர்களில் பெரும்பாலும் ஹனஃபீகளுமாக வாழும் நம் தமிழகத்தில், ஊருக்கு ஊர் அஸர் பாங்கு முன்பின்னாக ஒலிப்பதன் காரணம் இந்த நிழற்கணக்கே. சம்பந்தம் செய்துகொண்ட இரு குடும்பத்தார் இதைப்பற்றி நகைச்சுவையாகப் பேசிக்கொள்வதுண்டு. காரணம் கேட்டால் இரு தரப்பாரும் விழிப்பதும் உண்டு!

நிழலை அளப்பதற்குப் பன்னிரு விரல் உயரமுள்ள கோலை அக்கால அறிஞர் அளவுகோலாகக் கொண்டனர். பாரத நாட்டு வானநூலாரும் பன்னிரண்டு அங்குலச் சங்கினையே நட்டனர். இவ்விரு மரபுகளையும் கற்றுணர்ந்த அல்பிரூனீ நிழல்களைப் பற்றியே தனி நூல் ஒன்று யாத்துள்ளார். 13-ஆம் நூற்றாண்டு முதல் எகிப்தின் பள்ளிவாசல்களில் 'முவக்கித்' எனும் நேரக் கணிப்பாளர்கள் நியமனம் பெற்றதைக் காண்கிறோம். மோதினாருக்கு நேரம் சொல்பவர் அவர்; வானநூல் வல்லவர். இவருள் தலைசிறந்தவர் திமிஷ்கின் உமையாப் பள்ளியில் பணியாற்றிய இப்னு ஷாத்திர் (1304–1375). ஏறத்தாழ இரண்டு மீட்டர் நீளமும் ஒரு மீட்டர் அகலமும் உள்ள சலவைக்கல்லில் அவர் 1371-ல் சமைத்த நிழற்கடிகாரம் அப்பள்ளியின் மனாராவை அணி செய்தது. அதுவரை பகற்பொழுது நீண்டாலும் குறுகினாலும் அதைப் பன்னிரு கூறிட்டு, ஒரு கூற்றை ஒரு மணி எனக் கொள்வதே பெருவழக்கு. கோடை மணி நீளும். குளிர்கால மணி குறுகும். நம் பக்கத்தில் இரு பருவப் பகல்களுக்கும் இடையே ஒன்றரை மணியளவே வேறுபாடு. திமிஷ்கிலோ அது நான்கு மணிக்கு மேற்பட்டது. இப்னு ஷாத்திர் தம் கடிகாரத்தின் நிழற்கோலைப் பூமியின் அச்சுக்கு இணையாகச் சாய்த்து, ஆண்டு முழுதும் சமமான மணிகளைக் காட்டச் செய்தார். இன்று நம் சுவரில் துடிக்கும் மணியும் அத்தகைய சமமணிதான்.

இரவிலும் மேகம் மூடிய பகலிலும் நிழல் ஏது? அதற்குத் தண்ணீர் துணை செய்தது. கலீஃபா ஹாரூன் ரஷீதிடமிருந்து 807-ல் பிராங்கு மன்னர் சார்லமேனுக்குச் சென்ற பித்தளை நீர்க்கடிகாரம் மணிக்கு மணி குண்டுகளை உதிர்த்து, சாளரங்கள் வழியே குதிரை வீரர் பொம்மைகளை வெளிவிட்டதென அந்நாட்டு ஆண்டேடுகள் வியக்கின்றன. ஆனால் வீட்டில் அட்டைக் கடிகாரம் செய்யும் பெற்றோர் அறிந்திருக்கவேண்டிய பெயர் அல்ஜஸரீ. தியார்பக்ரில் அர்த்துக்கிய அரசரிடம் பணியாற்றிய இப்பொறியாளர் 1206-ல் முடித்த நூலில் யானைக் கடிகாரம் ஒன்றை விவரிக்கிறார். யானையின் வயிற்றுக்குள் ஒரு நீர்த்தொட்டி. அதில் அடியில் துளையிட்ட கிண்ணம் ஒன்று மிதக்கும். அரைமணியில் அது நிரம்பி மூழ்கும்பொழுது கயிற்றை இழுக்க, மேலிருந்து குண்டு விழும். குண்டைக் கவ்விய பாம்பு பாரத்தால் தாழ்ந்து கிண்ணத்தை மீண்டும் நீர்மட்டத்துக்கு உயர்த்தும். பாகன் யானையைத் தட்டுவான். முதுகில் அமர்ந்த எழுத்தன் கைக்கோலால் இடைப்பட்ட நேரத்தைக் காட்டுவான். இந்தத் துளைக்கிண்ணம் நமக்குப் புதிதன்று. நாழிகை வட்டில் என நம் நாட்டார் அறிந்த கருவியின் உறவே அது. இருபத்துநான்கு நிமிடத்துக்கு ஒரு நாழிகை. அறுபது நாழிகை ஒரு நாள். பொழுது கணக்கிடும் நாழிகைக் கணக்கரை முல்லைப்பாட்டிலேயே காணலாம். அல்ஜஸரீ கிண்ணத்தின்மேல் யானையை நிறுத்தியது பொருத்தமாகத்தான் இருக்கிறது!

இன்னொன்றையும் சொல்லவேண்டும். பித்தளையையும் செம்பையும் தொடுமுன் அல்ஜஸரீ தம் அமைப்புகளைத் தாளில் மாதிரியாகச் செய்து பார்த்தவர். பிற கைவினைஞரும் செய்துகொள்ளும் வகையில் அளவுகளோடு எழுதிவைத்தவர். அந்த விவரிப்பைக் கொண்டே 1976-ல் இலண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் அவருடைய பெரிய நீர்க்கடிகாரம் ஒன்றை மீண்டும் உருவாக்கி வைத்தனர். ஆகவே தாளையும் கத்தரியையும் எடுத்துப் பிள்ளையோடு தரையில் உட்காரும் தாய் சிறுபிள்ளை விளையாட்டு விளையாடவில்லை.

எந்திரக் கடிகாரம் வந்தபின்னும் வானத்தோடிருந்த தொடர்பு உடனே அறுந்துவிடவில்லை. துருக்கியர் சூரியன் மறையும்பொழுது முட்களைப் பன்னிரண்டுக்கு நகர்த்தி அன்றாடம் திருத்திக்கொண்டனர். 1926-ல்தான் அவ்வழக்கம் சட்டத்தால் நீங்கிற்று. நம் நாட்டில் 1906-ல் இந்தியப் பொதுநேரம் ஏற்கப்பட்டபொழுது, சென்னையின் சொந்த நேரம் அதற்கு ஒன்பது நிமிடம் பிந்தியதாயிற்று. பூமி கதிரவனைச் சுற்றும் பாதையும் அதன் அச்சின் சாய்வும் சேர்ந்து மேலும் சில நிமிடங்களைக் கூட்டிக் குறைக்கின்றன. எனவே சென்னையில் உச்சிவேளை நவம்பர்த் தொடக்கத்தில் 11.52 அளவிலும், பிப்ரவரி நடுவில் 12.23 அளவிலும் நேர்கிறது. முன்னே பிள்ளை கேட்ட கேள்விக்கு இதுவே விடை.

இதனை வாயால் சொன்னால் பிள்ளைக்குப் புரியாது. மொட்டைமாடியில் காட்டினால் புரியும். சமதரையில் பன்னிரண்டு அங்குலக் கோலொன்றை நேர்நிற்க நட்டு, காலை பத்து மணி முதல் கால்மணிக்கு ஒருமுறை நிழலின் நுனியில் பிள்ளையே சுண்ணக்கட்டியால் புள்ளி இடட்டும். நிழல் மிகக் குறுகி மீண்டும் நீளத் தொடங்கும் புள்ளி உச்சி. அந்தக் குறுநிழலோடு பன்னிரண்டு அங்குலம் கூட்டி ஒரு கோடும், இருபத்துநான்கு கூட்டி மற்றொரு கோடும் இழுத்துவைத்தால், இரு மத்ஹபுகளின் அஸரும் ஒரே தரையில் வந்து சேரும். அட்டைக் கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு புள்ளிக்கும் முட்களைத் திருப்பச் சொல்லலாம்.

ஒரு வியப்பும் காத்திருக்கிறது. கடிகார முள் வலமாகச் சுழல்வது, வடநாடுகளில் நிழல் சுழலும் திசையைப் பின்பற்றியே என்பர். ஆனால் சென்னையில் ஏப்ரல் இறுதி முதல் ஆகஸ்டு நடு வரை சூரியன் உச்சிக்கு வடக்கே செல்வதால், கோலின் நிழல் மேற்கிலிருந்து தெற்காகக் கிழக்குக்குச் சென்று இடமாகச் சுழலும்! அக்காலத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் ஒவ்வொரு நாள் உச்சியில் நிழலே இராது. அந்நாட்களில் கழிப்பதற்கு எதுவுமின்றி, நிழல் பன்னிரண்டு அங்குலமானதும் ஷாஃபிஈ அஸர் புகுந்துவிடும். தெற்கே செல்லச் செல்ல இந்நாட்கள் சற்று மாறுபடும். ஆடியில் கோல் நட்டவர்கள் மார்கழியில் அதே இடத்தில் மறுபடியும் நட்டுப் பார்க்கவேண்டும். அப்பொழுது உச்சி நிழல் வடக்கே ஒன்பது அங்குலம் வரை நீண்டுகிடக்கும். முன்பு இட்ட கோடுகளை ஐப்பசி மழை அழித்திருக்கும். பிள்ளை புதிதாகப் புள்ளியிடத் தொடங்கும்.