கேசட்டில் காத்த கச்சேரிகள்: கிரேட்ஃபுல் டெட் ரசிகர்களின் அறுபதாண்டு

1965 மே மாதம், கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில் ஒரு பீட்சாக் கடையில் ஐந்து இளைஞர்கள் வாசிக்கத் தொடங்கினார்கள். அப்போது குழுவின் பெயர் வார்லாக்ஸ். அந்த ஆண்டு முடிவதற்குள் அது கிரேட்ஃபுல் டெட் ஆனது. கிதார் வாசித்த ஜெர்ரி கார்சியா, பாப் வியர், பேஸ் வாசித்த ஃபில் லெஷ், டிரம்ஸில் பில் குரூட்ஸ்மன், பிக்பென் என்று எல்லாரும் அழைத்த ரான் மெக்கெர்னன், 1967இல் வந்து சேர்ந்த இரண்டாவது டிரம்மர் மிக்கி ஹார்ட், மேடை ஏறாமல் பாட்டெழுதிய ராபர்ட் ஹன்டர் ஆகியோரின் கதையைப் பல நூல்கள் சொல்லிவிட்டன. மணிவிழா கண்ட ஒரு குழுவைப் பற்றிய மலரில், எதிர்ப்புறம் நின்று கேட்டவர்களின் கதைக்கும் சில பக்கங்கள் வேண்டும். அவர்கள் இல்லையென்றால் இந்தக் குழுவின் இசையில் பாதி இன்று நம் காதுக்கு எட்டியிருக்காது.

கார்சியா இறக்கும்வரையான முப்பது ஆண்டுகளில் இந்தக் குழு சுமார் 2,300 கச்சேரிகள் செய்தது. இன்னின்ன பாட்டு என்று முன்கூட்டி எழுதிவைத்த பட்டியல் கிடையாது. நேற்று பத்து நிமிடத்தில் முடிந்த பாட்டு இன்று அரை மணி நேரம் நீளும். ஒரு பாட்டின் வால் எங்கோ அலைந்து திரிந்து இன்னொரு பாட்டின் தலையில் போய் ஒட்டிக்கொள்ளும். சில இரவுகளில் எதுவும் கூடிவராது. அதை மேடையில் இருப்பவர்களும் மறைக்கமாட்டார்கள். ஒரே கல்யாணியை ஒவ்வொரு நாளும் வேறு விதமாக விரிக்கும் வித்வானைத் தேடி மார்கழியில் சபா சபாவாகப் போகிறவர்களுக்கு இந்தப் பித்து உடனே புரியும். ஒரு முறை கேட்டால் போதாது. ஊர் ஊராகப் போனால்தான் முழுதும் கேட்டதாகும். அப்படி ஊர் ஊராகப் போனவர்களே டெட்ஹெட்கள்.

இந்தக் கூட்டம் ஓர் அமைப்பானது 1971இல். அந்த ஆண்டு வெளிவந்த, ரசிகர்கள் ‘ஸ்கல் அண்ட் ரோசஸ்’ என்று அழைக்கும் நேரலை ஆல்பத்தின் உள்ளுறையில் ஒரு சிறு அறிவிப்பு இருந்தது. நீங்கள் யார், எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டு, பெயரையும் முகவரியையும் அனுப்பச் சொன்ன அறிவிப்பு. விலாசம் சான் ரஃபேலில் ஓர் அஞ்சல் பெட்டி. கடிதங்கள் ஆயிரக்கணக்கில் வந்து குவிந்தன. ஐலீன் லா என்ற அலுவலகப் பணியாளர் அவற்றைப் பிரித்து, முகவரிகளைத் தொகுத்து, செய்திமடல் அனுப்பும் வேலையைப் பல ஆண்டுகள் தாங்கினார்.

அந்த மடல்கள் வெறும் விளம்பரமல்ல. குழுவின் பணச்சிக்கலைக்கூட ரசிகர்களிடம் விளக்கின. கூட்டம் பெருகினால் பெரிய அரங்கு வேண்டும், பெரிய அரங்குக்குப் பெரிய ஒலிக்கருவி வேண்டும், அந்தச் செலவை ஈடுகட்ட இன்னும் பெரிய அரங்கு வேண்டும். இந்தச் சுழலைத் தன் வாலைத் தானே விழுங்கும் பாம்பாக வரைந்து அனுப்பினார்கள். 1974இல் அவர்கள் தூக்கிக்கொண்டு திரிந்த ‘வால் ஆஃப் சவுண்ட்’ என்ற ஒலியமைப்பின் எடை சுமார் 75 டன். பாம்பு அந்த ஆண்டே விழுங்கிவிட்டது. அக்டோபரில் சான் பிரான்சிஸ்கோவின் விண்டர்லாண்ட் அரங்கில் ஐந்து இரவுகள் வாசித்துவிட்டுக் குழு நீண்ட ஓய்வுக்குப் போனது. வரவு செலவைக் கேட்பவர்களோடு பகிர்ந்துகொண்ட இந்த வெளிப்படைதான் பின்னால் வந்த எல்லா நம்பிக்கைக்கும் அடித்தளம் என்பது என் கணிப்பு.

இனி ஒலிப்பதிவின் கதை. டெட்ஹெட்களின் வரலாற்றில் மிகப் பெரிய சாதனை இதுதான். எழுபதுகளின் தொடக்கத்திலேயே மைக்கை உடைக்குள் ஒளித்து அரங்குக்குள் கொண்டுபோகிறவர்கள் இருந்தார்கள். நியூயார்க்கைச் சேர்ந்த லெஸ் கிப்பல், பதிவுகளை இலவசமாக மாற்றிக்கொள்ளும் வட்டம் ஒன்றைத் தொடங்கினார். அதிலிருந்து 1974இல் ‘டெட் ரெலிக்ஸ்’ என்ற பத்திரிகை பிறந்தது. பிற குழுக்கள் ஆளை விட்டு ஒலிப்பதிவுக் கருவிகளைப் பறித்துக்கொண்டிருந்த காலத்தில், கார்சியா இதை வேறு விதமாகப் பார்த்தார்: நாங்கள் வாசித்து முடித்தபின் அந்த இசை கேட்டவர்களுக்கே சொந்தம். ஒரு கலைஞன் தன் ரசிகனுக்குக் காட்டக்கூடிய இதைவிடப் பெரிய மரியாதை எனக்குத் தெரியவில்லை.

பதிவு செய்வதிலும் தொழில்நுணுக்கம் இருந்தது. 90 நிமிடக் கேசட்டில் ஒரு பக்கம் 45 நிமிடம். மூன்று மணி நேரக் கச்சேரியில் பாட்டு அறுபடாமல் பக்கம் திருப்ப வேண்டும். எந்த இடத்தில் கைதட்டல் வரும், இந்தப் பாட்டு அடுத்த பாட்டுக்குள் நுழையுமா, நின்றுவிடுமா என்று காதால் கணித்து, இருட்டில் சில நொடிகளில் கேசட்டைத் திருப்புவார்கள். பக்கத்தில் நிற்பவர் கத்தினால் அந்தக் கத்தல் காலத்துக்கும் பதிவில் நிற்கும் என்பதால், மைக் அருகே வாய் திறக்கக்கூடாது என்பது எழுதாத சட்டம்.

கேசட்டிலிருந்து கேசட்டுக்கு எடுக்க எடுக்க ‘ஸ்ஸ்’ என்ற இரைச்சல் கூடும். ஆகவே மூலப் பதிவிலிருந்து எத்தனையாவது தலைமுறைப் பிரதி என்பதே ஒரு கேசட்டின் குலமாகக் கருதப்பட்டது. நல்ல பிரதி வைத்திருப்பவர் சிலருக்கு எடுத்துக் கொடுப்பார். அவர்கள் ஒவ்வொருவரும் இன்னும் சிலருக்கு. இந்தக் கிளைவிடும் முறையால் ஒரு நல்ல இரவு சில வாரங்களில் நாடு முழுக்கப் பரவிவிடும். புதிதாக வருகிறவரிடம் மாற்றுக் கொடுக்கக் கேசட் எதுவும் இருக்காது. அவர் காலிக் கேசட்டும் திரும்ப அனுப்பத் தபால் தலையும் அனுப்பினால் போதும், முகம் தெரியாத ஒருவர் பதிவு செய்து அனுப்புவார். காசு வாங்கினால் அவரை எவரும் மதிக்கமாட்டார்கள். இந்த ஒரு விதியை இத்தனை பெரிய கூட்டம், கண்காணிக்க ஆளில்லாமல், இவ்வளவு காலம் பெரும்பாலும் காப்பாற்றியது.

எண்பதுகளில் மைக் கம்பங்கள் காடுபோல் வளர்ந்தன. ஒலிக்கட்டுப்பாட்டுப் பலகையில் இருந்த டான் ஹீலிக்கு மேடை தெரியாமல் மறைத்தன. தடை போட்டிருந்தால் ஒரு நாளில் முடிந்திருக்கும். குழு அப்படிச் செய்யவில்லை. 1984 அக்டோபர் 27 அன்று பெர்க்லியின் கம்யூனிட்டி தியேட்டரில், பலகைக்குப் பின்னால் ஒலிப்பதிவாளர்களுக்கென்றே தனி இடம் ஒதுக்கி, தனி டிக்கெட்டும் கொடுத்தது. திருட்டுத்தனமாகச் செய்துவந்த வேலை அன்றோடு ஓர் அங்கீகரிக்கப்பட்ட பதவியானது.

அதற்கு முந்தைய ஆண்டே டிக்கெட் விற்பனையிலும் குழு நேரடியாக இறங்கியிருந்தது. ரசிகர் ஒரு சிறு அட்டையில் விவரம் எழுதி, மணியார்டரும் சுயவிலாசமிட்ட உறையும் வைத்து அனுப்ப வேண்டும். விண்ணப்ப உறைகள் குவிகிற இடத்தில் தன் உறை கண்ணில் படட்டும் என்று பலர் அதில் ரோஜாக்களையும் மண்டையோடுகளையும் கரடிகளையும் வண்ணத்தில் வரைந்தார்கள். சிலர் ஓர் உறைக்கு மணிக்கணக்கில் உழைத்திருப்பது பார்த்தாலே தெரியும். 1987இல் ‘டெட்பேஸ்’ என்ற நூல் வந்தது. எந்த ஊரில் எந்த நாளில் என்ன வாசித்தார்கள் என்ற மொத்தப் பட்டியலும் அதில் உண்டு. அதைத் தொகுத்தவர்களும் ரசிகர்களே.

இந்தக் கூட்டத்தில் இருள் இல்லை என்று சொன்னால் அது பொய். போதைப்பொருள் பலரைத் தின்றது. கார்சியாவின் உடலையும் தின்றது. அதற்கு மருந்தும் ரசிகர்களிடமிருந்தே வந்தது. குடியையும் போதையையும் விட்டவர்கள் ‘வார்ஃப் ராட்ஸ்’ என்ற பெயரில் சேர்ந்து, கச்சேரி இடைவேளையில் மஞ்சள் பலூன் கட்டிய மேசையருகே கூடி ஒருவரையொருவர் தாங்கிப்பிடித்தார்கள். செவித்திறன் இல்லாத ரசிகர்களுக்குச் சைகை மொழிபெயர்ப்பாளரோடு தனிப்பகுதி அமைந்ததும் இந்தக் குழுவின் கச்சேரிகளில்தான். பலூனைக் கையில் பிடித்து அதன் அதிர்வில் அவர்கள் இசையை உணர்ந்தார்கள்.

1987இல் ‘டச் ஆஃப் கிரே’ பாட்டு அமெரிக்காவின் முதல் பத்துக்குள் நுழைந்தது. புகழ் வந்தது, டிக்கெட் இல்லாத கூட்டமும் வந்தது. 1995 ஜூலை 2 அன்று இந்தியானா மாநிலத்தின் டீர் க்ரீக் அரங்கில் ஒரு கும்பல் வேலியை உடைத்துப் புகுந்தது. மறுநாள் கச்சேரி ரத்தானது. இப்படியே போனால் பயணமே நின்றுவிடும் என்று குழு வருந்திக் கடிதம் எழுதியது. ஜூலை 9 அன்று சிகாகோவின் சோல்ஜர் ஃபீல்டில் வாசித்ததே கடைசி. ஆகஸ்ட் 9 அன்று கார்சியா இறந்தார். வயது 53.

மற்ற குழுக்களென்றால் வரலாறு இங்கே முடிந்திருக்கும். ஆனால் பெட்டகத்தில் நாடாக்கள் இருந்தன, அவற்றைக் காக்க ஒரு ரசிகர் இருந்தார். டிக் லட்வாலா ஹவாய்த் தீவில் மிருகக்காட்சிசாலையில் வேலை பார்த்துக்கொண்டே கேசட் சேர்த்தவர். அவரையே குழு தன் ஒலிப்பெட்டகத்தின் காவலராக அமர்த்தியது. 1993இல் தொடங்கிய ‘டிக்ஸ் பிக்ஸ்’ வரிசை அவர் 1999இல் மறைந்த பிறகும் தொடர்ந்து 36 தொகுதிகளை எட்டியது.

பெட்டகத்துக்கு வெளியே போனவையும் உண்டு. குழுவின் ஒலிப்பதிவுப் பொறியாளர் பெட்டி கேன்டர்-ஜாக்சன் எடுத்த நாடாக்கள், வாடகை கட்டாத சேமிப்புக் கிடங்கிலிருந்து 1986இல் ஏலத்துக்குப் போயின. ரசிகர்கள் வாங்கிப் பிழைக்கவைத்தார்கள், பரப்பினார்கள். 1977 மே 8 அன்று நியூயார்க் மாநிலத்தின் கார்னெல் பல்கலைக்கழகத்தில், பனி பெய்த இரவில் நடந்த கச்சேரி இப்படிப் பரவிப் புகழ்பெற்றதுதான். அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியல் 2011ஆம் ஆண்டுக்கான தேர்வில் அதைச் சேர்த்துக்கொண்டது. முறையான வெளியீடு 2017இல்தான் வந்தது. அதற்குள் அந்தக் கச்சேரியை மனப்பாடமாக அறிந்த இரண்டு தலைமுறை உருவாகிவிட்டது.

தமிழ் வாசகர் அறியவேண்டிய ஒரு கிளையும் இங்கே உண்டு. மிக்கி ஹார்ட் அல்லா ரக்காவிடம் தாளம் பயின்றவர். அவர் 1991இல் வெளியிட்ட ‘பிளானட் டிரம்’ ஆல்பத்தில் ஜாகிர் உசேனின் தபலாவோடு நம் விக்கு விநாயக்ராமின் கடமும் பேசுகிறது. உலக இசைக்கென்று கிராமி கொடுத்த முதல் விருது அதற்கே. டெட்ஹெட் வீடுகளின் அலமாரியில் கடத்தின் ஒலி குடியேறியது இந்த வழியில்தான்.

குழுவின் ஆவணங்கள் 2008இல் சாண்டா க்ரூஸிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்குக் கொடையாகப் போயின. 2012 முதல் அங்கே மெக்ஹென்ரி நூலகத்தில் அவற்றுக்கென்று ஓர் அறை இருக்கிறது. ஒப்பந்தங்களோடு அந்த வண்ண உறைகளும் காப்பில் உள்ளன. 2015இல் ஐம்பதாண்டு நிறைவுக் கச்சேரிகளுக்குத் தபாலில் டிக்கெட் கொடுத்தபோது ரசிகர்கள் மீண்டும் உறைகளில் வரைந்து அனுப்பினார்கள். 2024இல், பில்போர்ட் பட்டியலின் முதல் நாற்பதுக்குள் அதிக ஆல்பங்கள் நுழைந்த குழு என்ற சாதனை, 59 ஆல்பங்களோடு, இவர்கள் கைக்கு வந்தது. எல்விஸ் பிரெஸ்லியையும் ஃபிராங்க் சினாட்ராவையும் தாண்டிய இந்த எண்ணில் பெரும்பங்கு பெட்டகத்திலிருந்து எடுத்த பழைய கச்சேரிகளுடையது. 2025 ஆகஸ்டில் சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பூங்காவில் வாரிசுக் குழுவான டெட் அண்ட் கம்பெனி மூன்று நாள் வாசித்தபோது, தாத்தாவோடு பேத்தியும் வந்து நின்றார்கள்.

டெட்ஹெட்களுக்குள் ஓயாத சண்டை ஒன்று உண்டு: எந்த ஆண்டு சிறந்தது? 1977 என்பார் பலர். கார்னெலைச் சாட்சிக்கு அழைப்பார்கள். 1969இன் கட்டற்ற வேகத்துக்கு ஒரு கட்சி, 1990 வசந்தகாலத்துக்கு ஒரு கட்சி. என் வாக்கு 1972 ஆகஸ்ட் 27க்கு. ஒரிகன் மாநிலத்தின் வெனீட்டாவில், கடனில் தவித்த ஸ்பிரிங்ஃபீல்ட் பால்பண்ணைக்கு நிதி திரட்ட நடத்திய கச்சேரி அது. கொளுத்தும் வெயிலில் கிதார் தந்திகள் சுருதி நழுவிக்கொண்டே இருந்தன. நழுவும் சுருதியை இழுத்துப் பிடித்து ‘டார்க் ஸ்டார்’ பாட்டை அரை மணி நேரம் விரித்தார்கள். அதில் லெஷின் பேஸ் முன்னே போக, கார்சியா அதைத் தேடிப் பின்னே வரும் இடம் ஒன்று உண்டு. கார்னெல் கட்சிக்காரர்கள் அதைக் கேட்டுவிட்டு வாதத்துக்கு வரட்டும்.