முற்றிய புற்றுநோயும் மாற்று மருத்துவமும்: மறைக்க வேண்டாம்

நோயாளருக்கு நற்கருணை வழங்க இல்லங்களுக்குச் செல்லும்போது நாம் அடிக்கடி காண்பது இது. மருத்துவமனை தந்த மாத்திரைகள் மேசைமேல் இருக்கும். சூரணமும் கசாயப் பொடியும் தலையணைக்கு அடியில் இருக்கும். "டாக்டருக்குத் தெரிய வேண்டாம் சாமி" என்பார்கள்.

இரண்டையும் சேர்த்து எடுப்பது பாவமா? இல்லை. மண்ணிலிருந்து மருந்துகளைத் தருபவர் ஆண்டவரே என்று சீராக்கின் ஞானம் 38ஆம் அதிகாரம் கற்பிக்கிறது. மன்றாடவும் வேண்டும், மருத்துவருக்கு இடம் கொடுக்கவும் வேண்டும் என்பதே அதன் போதனை. நம் வீட்டு முற்றத்தில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்துதான் வின்கிறிஸ்டின் என்னும் புற்றுநோய் மருந்து கிடைத்தது. ஆனால் அச்செடியைக் காய்ச்சிக் குடித்தால் நஞ்சாகும். பிரித்தெடுத்து அளவோடு கொடுப்பதே மருந்து.

துணை செய்பவை: எளிய யோகாசனம், மூச்சுப்பயிற்சி, இசை ஆகியவை பதற்றத்தையும் சோர்வையும் குறைக்க உதவலாம். அக்குபஞ்சர் சிலருக்கு வலியைத் தணிக்கிறது. ஆனால் இவை கட்டியைக் கரைப்பதில்லை.

தீங்கு செய்யக்கூடியவை: சீந்தில் கொடியைத் தொடர்ந்து உட்கொண்டதால் ஈரல் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி மும்பை மருத்துவர்கள் 2021இல் அறிவித்தனர். ஈரல் கெட்டால் கீமோதெரபியை நிறுத்திவைக்க நேரிடும். பாதரசம், ஈயம் கலந்த பற்ப, செந்தூர வகைகள் சிறுநீரகத்தைத் தாக்கலாம். சிஸ்பிளாட்டின் என்னும் கீமோ மருந்தும் சிறுநீரகத்தையே தாக்கக்கூடியது. இரண்டும் சேர்ந்தால் ஆபத்து இரட்டிப்பாகும்.

நோய்த்தணிப்புச் சிகிச்சை என்றாலே "கைவிட்டுவிட்டார்கள்" என்று பலர் அஞ்சுகிறோம். 2010இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்றில், பரவிய நுரையீரல் புற்றுநோய் கொண்ட 151 பேர் பங்கேற்றனர். வழக்கமான சிகிச்சையோடு தொடக்கத்திலேயே இச்சிகிச்சையும் பெற்றவர்கள் மனச்சோர்வு குறைந்து வாழ்ந்தனர்; சில மாதங்கள் கூடுதலாகவும் வாழ்ந்தனர்.

பயனைவிடச் சுமை மிகுந்த சிகிச்சையை நிறுத்திக்கொள்வது தற்கொலை அல்ல என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி (எண் 2278) தெளிவுபடுத்துகிறது. எனவே "முழுக் குணம்" என்று வாக்களிப்பவருக்காக வீட்டையும் நகையையும் அடகு வைக்க வேண்டிய கடமை எவருக்கும் இல்லை. நோயில்பூசுதலையும் கடைசி மூச்சுவரை தள்ளிப்போட வேண்டாம். அது நோயுற்றோருக்கான அருளடையாளம். இறப்பவருக்கு மட்டும் உரியதன்று.

மாற்கு 5ஆம் அதிகாரத்தில் வரும் பெண் 12 ஆண்டுகள் மருத்துவர் பலரிடம் தம் உடைமையெல்லாம் செலவழித்தவர். அவர் மறைவாகவே ஆண்டவரின் ஆடையைத் தொட்டார். ஆனால் அஞ்சி நடுங்கியபடியே உண்மை முழுவதையும் சொன்ன பிறகுதான், 'மகளே' என்ற அழைப்பையும் அமைதியையும் பெற்றார்.

ஆகவே அடுத்த முறை மருத்துவமனைக்குச் செல்லும்போது, தலையணைக்கு அடியில் இருப்பதையும் பையில் எடுத்துச் செல்வோம். மருத்துவரிடம் உண்மையைச் சொல்வது இறைநம்பிக்கைக் குறைவு அல்ல; இறைவன் தந்த உயிருக்கு நாம் செலுத்தும் மரியாதை.