துறைமுக நகரில் ஒரு வாடகை வீடு

புலம்பெயர்ந்து வாழும் அன்பர் ஒருவர் அண்மையில் கடிதம் எழுதியிருந்தார். ஓய்வு பெற்றபின் திருகோணமலையில் சில காலம் தங்கும் எண்ணமாம். பாதுகாப்பான, கைக்கு அடக்கமான வாடகை வீடு எந்தப் பக்கம் பார்க்கலாம் என்று கேட்டிருந்தார். இரண்டு வரியில் பதில் எழுத உட்கார்ந்தேன். எழுத முடியவில்லை. அந்த நகரத்தில் "பாதுகாப்பான" என்ற சொல்லுக்குக் காலத்துக்கொரு பொருள் இருந்திருக்கிறது. அதனை விளக்காமல் திசையை மட்டும் சொல்வது முறையாகப்படவில்லை.

1970களின் பிற்பகுதியில் இளம் நிருபராக அங்கு சென்றபோது, உட்துறைமுக வீதிக்கு அண்மையிலுள்ள ஒழுங்கையொன்றில் அறை எடுத்தேன். வீட்டுக்கார அம்மா விதித்த நிபந்தனைகள் மூன்றுதான். "தம்பி, மாசம் பிறந்து அஞ்சாந் திகதிக்குள்ள காசு தரவேணும். ராவில ஒன்பது மணிக்குப் பிறகு கேற்றைப் பூட்டிப்போடுவன். கிணத்தடியில சவர்க்காரத் தண்ணியைத் தேங்க விடக்கூடாது." எழுத்தில் ஒன்றும் இல்லை. அடையாள அட்டையை அவர் கேட்கவும் இல்லை, நான் காட்டவும் இல்லை.

வாடகைக் குடியிருப்பு என்பதே துறைமுகம் அந்நகருக்குக் கொடுத்த வழக்கம் எனலாம். 1795இல் ஆங்கிலேயர் ஒல்லாந்தரிடமிருந்து கோட்டையைக் கைப்பற்றிய பின்னர், திருகோணமலை படிப்படியாகப் பிரித்தானியக் கடற்படையின் கீழைத்தேயத் தளங்களுள் முக்கியமான ஒன்றாயிற்று. கடற்படைத் தளத்தில் வேலை தேடி யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் தென்னிலங்கையிலிருந்தும் மலையாளக் கரையிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். வந்தவர்களுக்குக் காணியும் இல்லை, உறவும் இல்லை. சம்பளம் மட்டும் இருந்தது. 1930களில் சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கிகள் எழுந்தபோது இந்தத் தேவை மேலும் பெருகியது. வேலைத்தலத்துக்கு நடந்து போகக்கூடிய தூரத்தில் ஓர் அறை கிடைத்தால் அதுவே நல்ல வீடு என்று கருதப்பட்டது.

அந்தக் கணக்கை 1942 ஏப்ரல் 9ஆம் திகதி தலைகீழாக்கியது. கொழும்பைத் தாக்கி நான்கு நாள் கழித்து ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையின் மீது குண்டு வீசின. எண்ணெய்த் தாங்கியொன்று தீப்பற்றி எரிந்தது. அன்றே மட்டக்களப்புக்கு அப்பால் ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலும் மூழ்கடிக்கப்பட்டது. துறைமுகத்துக்கு எவ்வளவு அண்மையோ அவ்வளவு ஆபத்து என்பதை நகரம் ஒரே காலைப்பொழுதில் கற்றுக்கொண்டது. வேலைக்கு அண்மையாக இருப்பதா, குண்டுக்குத் தொலைவாக இருப்பதா என்பதே அன்றைய குடித்தனக்காரனின் சிக்கல்.

அதே 1942இல்தான் இலங்கையின் முதலாவது வாடகைக் கட்டுப்பாட்டுக் கட்டளைச் சட்டம் வந்தது. யுத்தகாலத்தில் நகரங்களில் வீட்டுத் தட்டுப்பாடு கடுமையாகி, உரிமையாளர் கேட்டதே வாடகை என்ற நிலை தோன்றியதே காரணம். 1948இல் இன்னொரு சட்டமும், 1972இல் 7ஆம் இலக்க வாடகைச் சட்டமும் தொடர்ந்தன. நியம வாடகை, வாடகைச் சபை, மூன்று மாத வாடகைக்கு மேற்பட்ட முற்பணம் கேட்கலாகாது என்ற வரையறை ஆகியவை 1972ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடம்பெற்றன. 1973இல் ஒருவர் எத்தனை வீடுகளை வைத்திருக்கலாம் என்பதற்கும் உச்சவரம்பு விதிக்கப்பட்டது. குடியிருப்போனுக்கு இவை பெருங்காப்பு. மறுபுறம், ஒருமுறை கொடுத்தால் வீடு திரும்பாது என்ற அச்சம் உரிமையாளரிடையே வேரூன்றி, தெரியாதவருக்கு வீடு கொடுக்கும் வழக்கமும் குறைந்தது. என் வீட்டுக்கார அம்மா என்னிடம் ஒன்றும் கேட்காததற்குக் காரணம், என்னைக் கூட்டிச் சென்றவர் அவருக்குத் தெரிந்தவர் என்பதுதான். கடதாசி செய்ய வேண்டிய வேலையை அறிமுகம் செய்தது.

இதற்கிடையில் 1957இல் கடற்படைத் தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்டது. தேசத்துக்கு அது பெருமை. தளத்தை நம்பியிருந்த ஆயிரக்கணக்கான தொழிலாளருக்கோ வேலையிழப்பு. பின்னர் பிரீமா மாவாலையும் சீமெந்துத் தொழிற்சாலையும் வந்து, 1980களின் தொடக்கத்தில் துறைமுகத்தைச் சுற்றி மீண்டும் வேலையும் வாடகையும் தலையெடுத்தன.

அது நீடிக்கவில்லை. 1983 ஜூலை 26ஆம் திகதி கடற்படையினர் சிலர் வீதியில் இறங்கித் தமிழரின் வீடுகளுக்கும் கடைகளுக்கும் தீ வைத்தனர். அன்றிலிருந்து "வீடு எந்தப் பக்கம்?" என்ற கேள்வியின் பொருள் மாறிற்று. அதற்கு முன் அது கிணற்று நீரையும் பஸ் தரிப்பிடத்தையும் பற்றிய கேள்வி. பின்னர் அது அயலில் யார் இருக்கிறார்கள், முகாம் எவ்வளவு தூரம், ஓடுவதற்குப் பின்வழி உண்டா என்பதைப் பற்றியதாயிற்று. தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் ஆகிய மூவரும் இந்தக் கேள்வியைக் கேட்டார்கள். தத்தம் பயத்துக்கேற்ற பதிலையும் தேடிக்கொண்டார்கள். கலந்திருந்த ஒழுங்கைகள் பிரிந்தன. வாடகை மலிவான வீடு பெரும்பாலும் எவரும் இருக்க அஞ்சும் வீடாக இருந்தது. 1990 மார்ச்சில் இந்திய அமைதிப்படையின் கடைசி அணி திருகோணமலைத் துறையிலிருந்தே கப்பலேறியது. மூன்று மாதங்களில் யுத்தம் மீண்டும் மூண்டது.

ஊரை விட்டுப் பலர் தமிழகம் சென்றனர். இன்னும் பலர் கொழும்புக்குச் சென்று வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தொடர்மாடிகளிலும் லொட்ஜுகளிலும் இடம் தேடினர். அங்கே பாதுகாப்பு என்பது பொலிஸ் பதிவு. வீட்டில் தங்கியிருப்போரின் பட்டியலைக் கேட்கும் அதிகாரம் 1865ஆம் ஆண்டின் பொலிஸ் கட்டளைச் சட்டத்திலேயே உண்டு. யுத்தகாலம் அந்தப் பழைய விதியைத் தமிழரின் அன்றாட வாழ்வாக்கியது. பதிவுத் துண்டு இல்லாதவருக்கு வீடு கொடுக்க உரிமையாளர் அஞ்சினார். வீட்டு முகவரி இல்லாதவருக்குப் பதிவுத் துண்டு கிடைப்பது கடினம். இந்த வட்டத்துக்குள் அகப்பட்டு லொட்ஜில் மாதக்கணக்கில் கிடந்தவர்களை நான் அறிவேன்.

2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் வந்தது. அதன்பின் வடக்கு, கிழக்கில் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டலாகாது என்று அரசு அறிவித்தது. அவ்விதி பின்னர் தளர்த்தப்பட்டது. ஆயினும் கடலோரம் என்ற சொல்லே பயத்துக்குரியதாயிற்று. 2006 ஜனவரி 2ஆம் திகதி நகரக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டனர். அவ்வழக்கின் சந்தேகநபர் 13 பேரும் 2019இல் விடுவிக்கப்பட்டனர். 2006 ஏப்ரல் 12ஆம் திகதி சந்தையில் குண்டு வெடித்ததைத் தொடர்ந்த வன்முறையில் கடைகளும் வீடுகளும் எரிந்தன. அதே ஆண்டு சம்பூர் மக்கள் தம் வீடுகளை விட்டு ஓடினர். அவர்களிடம் உறுதி இருந்தது, கிணறு இருந்தது, வாடகை கொடுக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. ஆனால் 2015 வரை அவர்களிற் பெரும்பாலோர் முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் காத்திருந்தார்கள்.

2007 ஜூன் 7ஆம் திகதி விடியற்காலையில் கொழும்பு லொட்ஜுகளைப் பொலிஸார் சுற்றிவளைத்தனர். தலைநகரில் தங்கத் தகுந்த காரணம் இல்லை என்று கூறி, தமிழர் 376 பேரை பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கும் கிழக்குக்கும் அனுப்பினர். வெளிநாட்டு விசாவுக்காகவும் வைத்தியத்துக்காகவும் வந்து, வாடகையை முறையாகக் கட்டியவர்களும் அவர்களுள் இருந்தனர். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் தாக்கல் செய்த மனு மீது, நாட்டின் அதியுயர் மன்றான உயர் நீதிமன்றம் மறுநாளே அந்நடவடிக்கைக்கு இடைக்காலத் தடை விதித்தது. அப்போதைய பிரதமர் இரத்தினசிறி விக்கிரமநாயக்க பின்னர் வருத்தம் தெரிவித்தார். அன்று செய்தி மேசையில் இருந்த எனக்கு உறைத்தது ஒன்றே. வாடகைப் பற்றுச்சீட்டு ஒரு மனிதனுக்கும் வீட்டுக்காரருக்கும் இடையிலான தாள். அரசு தன் குடிமகனை ஏற்காத இடத்தில் அந்தத் தாள் செல்லாது.

யுத்தம் 2009இல் முடிந்தது. அதே ஆண்டு ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. பாதையில் ஏறிக் கடந்த நீர்ப்பரப்பை இப்போது நிமிடங்களிற் கடக்கலாம். கிண்ணியாவிலிருந்து நாளாந்தம் நகருக்கு வேலைக்கு வருவது எளிதாயிற்று. உப்புவெளியிலும் நிலாவெளியிலும் சுற்றுலா வந்து, மாத வாடகை வீடுகள் சில நாள் வாடகை விடுதிகளாயின. 2023இல், குத்தகைக் காலம் முடிந்தும் வெளியேறாதவரிடமிருந்து வளவை விரைந்து மீட்க உரிமையாளருக்கு வழிசெய்யும் சட்டம் வந்தது. 2025 ஏப்ரலில் திருகோணமலையை எரிசக்தி மையமாக்க இந்தியா, இலங்கை, ஐக்கிய அரபு அமீரகம் ஆகிய மூன்றும் புரிந்துணர்வு உடன்படிக்கை செய்துள்ளன. அது நடைமுறைக்கு வருமாயின், துறைமுகம் மீண்டும் ஆட்களை அழைக்கும். வாடகையும் ஏறும்.

ஆகவே அன்பருக்கு இவ்வாறு எழுதினேன். எழுத்திலான உடன்படிக்கை இல்லாமல் சாவியை வாங்காதீர்கள். முற்பணத்துக்குப் பற்றுச்சீட்டு கேளுங்கள். மாரியில், மழை பெய்யும் நாளில் ஒருமுறை சென்று வீட்டைப் பாருங்கள். வெள்ளம் எதுவரை ஏறும் என்பதைத் தரகர் சொல்லமாட்டார், சுவர் சொல்லும். கடலோரமாயின் மேட்டுக்கு ஏறும் வழியை நடந்து பாருங்கள். இரவில் ஒருமுறை அந்த ஒழுங்கைக்குப் போய், இரண்டு பக்கத்து அயலாருடனும் பேசுங்கள். அவர்கள் உங்கள் மொழி பேசுகிறவர்களாக இருக்க வேண்டும் என்பதில்லை. நீங்கள் ஊரில் இல்லாத வேளையில் உங்கள் கேற்றை ஒரு கண் பார்ப்பவர்களா என்பதே கேள்வி.

1983க்குப் பிறகு ஒருமுறை என் பழைய வீட்டுக்கார அம்மாவைப் பார்க்கப் போனேன். வீட்டு முன்பக்கம் எரிந்திருந்தது. பின்னறை தப்பியிருந்தது. முஸ்லிம் அயலவர் வாளியால் நீர் அள்ளி ஊற்றி அணைத்தாராம். "கிணறு கிட்ட இருந்தது நல்லதாப் போச்சு தம்பி" என்றார் அம்மா.